ஜோசப் அர்மான் பொம்பார்டியே

ஜோசப் அர்மான் பொம்பார்டியே (ஏப்ரல் 16, 1907 – பெப்ரவரி 18, 1964) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பனியின் மீது செல்லும் பட்டை ஊர்திகளை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். ஸ்கி-டூ என்னும் இலகுவகைப் பனியுந்து இவரது புகழ்பெற்ற ஆக்கமாகும். இவரது பெயர் ஆங்கில ஒலிப்பில் பம்பார்டியர் என வழங்குகிறது. பின்னாளில் தொடர்வண்டிகளையும் வானூர்திகளையும் தயாரித்த பம்பார்டியர் நிறுவனம் இவர் தொடங்கிய சிறு தொழிற்சாலையிலிருந்து வளர்ந்ததே.

இளமை

பொம்பார்டியே கியூபெக்கின் தென்பகுதியில் உள்ள வல்கூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அல்ஃபிரட் பொம்பார்டியே வேளாண்மை செய்தவர். பின்னர் ஊரில் பலசரக்குக் கடை நடத்தினார். தாயார் அன்னா கிராவெல். இவர்களுடைய எட்டுப் பிள்ளைகளில் அர்மானே மூத்தவர். சிறுவயதிலேயே பழுதான கடிகாரங்களின் உறுப்புகளைக் கொண்டு தானே இயங்கும் விளையாட்டுப் பொருட்களைச் செய்வதில் இவர் நாட்டம் கொண்டிருந்தார்.

1922 இல், இவருக்கு 15 வயதானபோது, தந்தை பழைய ஃபோர்டு மாடல் டி தானுந்து ஒன்றின் இயந்திரத்தை இவரிடம் கொடுத்தார். மகன் அதைப் பிரித்துப் பார்த்துப் பொழுது போக்குவான் என்பதே தந்தையின் எண்ணம். ஆனால் அர்மான் அதைச் சீர்செய்து, சறுக்குவண்டி ஒன்றின் மேல் பொருத்தி, அதன் பின்புறத்தில் மரத்தாலான உந்துவிசிறி ஒன்றை இணைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று இவரும் இளையவர் லெயோபோல்டும் அந்த வண்டியில் ஊர்த்தெரு வழியே சென்றனர். மூடப்படாத விசிறி சுழன்ற அந்த வண்டி காண்போருக்கு அச்சமூட்டியது. ஆபத்தை உணர்ந்த தந்தை அதை உடனே பிரித்துவிடுமாறு கட்டளையிட்டார். எனினும், சக்கரங்கள் உருள முடியாத பனியின் மேல் இயந்திரத்தால் செல்ல முடியும் என்பதை அந்தச் சிறுவன் கண்டுகொண்டான்.

அர்மானைக் கத்தோலிக்கக் குருவாக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். அதன்படி செர்புரூக் நகரில் உள்ள குருமடப் பள்ளியில் சில காலம் பயின்றார். 17 ஆவது வயதில் அதை விட்டு விலகி, தந்தையின் இசைவுடன் ஊர்தி திருத்தகம் ஒன்றில் தொழில் பழகினார். பின்னர் மொண்ட்ரியால் நகரில் வேலை செய்துகொண்டே இயந்திரவியலையும் மின்னியலையும் கற்றார். அக்காலத்துத் தொழில்நுட்ப இதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தமையால், அவற்றைப் படிப்பதற்காகவே ஆங்கிலமும் பயின்றார். முறையான பொறியியல் பட்டம் எதையும் இவர் பெற்றதில்லை.

திருத்தகமும் குளிர்காலமும்

1926 இல் வல்கூருக்குத் திரும்பிய பொம்பார்டியே, தந்தையின் உதவியுடன் சொந்தமாக ஊர்தி திருத்தகம் தொடங்கினார். அப்போது இவருக்கு வயது 19. வேலையில் திருத்தமும் கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் திறமையும் இவருக்கு விரைவில் நற்பெயரைத் தேடித் தந்தன. 1929 இல் இவோன் லபிரெக் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர்.

அக்காலக் கியூபெக்கில் நாட்டுப்புறச் சாலைகளைக் குளிர்காலத்தில் எவரும் துப்புரவு செய்வதில்லை. முதற் பனி விழுந்ததும் மக்கள் தங்கள் தானுந்துகளைக் கொட்டகைகளில் நிறுத்திவிட்டு, இளவேனில் வரும்வரை குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளையே நம்பியிருந்தனர். ஆண்டில் நான்கைந்து மாதங்கள் ஊர்கள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டன. திருத்தகத்துக்கும் அம்மாதங்களில் வேலை குறைவு. அந்த ஓய்வுக் காலத்தைப் பொம்பார்டியே பனியூர்திச் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார்.

இச்சிக்கலுக்கு இரண்டு வகையான தீர்வுகள் அப்போது முன்வைக்கப்பட்டன. ஒன்று, சாலையிலிருந்து பனியை அகற்றுவது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925 இல் உருவாக்கிய பனிவீசும் பொறி இவ்வகையைச் சேர்ந்தது. சுழலும் அலகுகளால் பனியைச் சுரண்டி, குழாய் வழியே தொலைவில் வீசும் இப்பொறியை 1927 இல் ஊத்திரமோன் நகராட்சி வாங்கியது. இன்று வீட்டு முற்றங்களைத் துப்புரவு செய்யும் சிறிய தோட்ட டிராக்டர்களின் முன்புறத்தில் பொருத்தப்படும் பனிவீசிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. மற்றொரு தீர்வு, பனியை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் செல்லும் ஊர்தியை அமைப்பது. நகராட்சிகள் பொறி வாங்க முடியும். ஆனால் சிதறிக் கிடந்த நாட்டுப்புறப் பண்ணைகளுக்கு நெடுந்தொலைவுச் சாலைகளைத் துப்புரவு செய்து தர யாரும் இல்லை. எனவே பொம்பார்டியே இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டார்.

மகனின் இறப்பு

1934 குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியால் பாதிக்கப்பட்டான். அது முற்றி வயிற்றறை முழுவதும் பரவியது. அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் செர்புரூக்கில் இருந்தது. சாலைகள் பனியால் மூடப்பட்டிருந்தன. திருத்தகத்தில் இருந்த சோதனை வண்டிகளில் எதுவும் அப்பயணத்துக்கு ஏற்ற நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

இந்நிகழ்வுக்கு முன்பே பொம்பார்டியே பல ஆண்டுகளாகப் பனியூர்திச் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். ஆகவே கண்டுபிடிப்புக்கு இந்த இறப்பே தொடக்கம் எனக் கூறுதல் சரியன்று. ஆயினும், அதற்குப் பின் இவர் பணியின் வேகம் கூடியது. மருத்துவரும் நோயாளியும் பயன்படுத்தத்தக்க, பலர் அமர்ந்து செல்லக்கூடிய, நம்பகமான ஊர்தியே வேண்டும் என்பதில் இவர் உறுதியாக இருந்தார்.

பல்சக்கரமும் பட்டையும்

பனியில் சக்கரம் புதைவதற்குக் காரணம், ஊர்தியின் எடை முழுவதும் சக்கரம் தரையைத் தொடும் சிறு பரப்பில் தாக்குவதே. நீண்ட பட்டையொன்றின் மேல் ஊர்தி நின்றால் அதே எடை பெரிய பரப்பில் பகிரப்பட்டு அழுத்தம் குறையும். இக்கருத்து பொம்பார்டியேக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. பிரான்சைச் சேர்ந்த அடோல்ஃப் கெக்ரெஸ் உருசியாவில் பணியாற்றியபோது இறப்பர்ப் பட்டை கொண்ட தானுந்துகளை அமைத்திருந்தார். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயரில் வேர்ஜில் வைட், ஃபோர்டு தானுந்துகளைப் பனியூர்திகளாக மாற்றும் துணைக்கருவிகளை விற்றுவந்தார். ஆழமான மென்பனியில் பட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே பனி இறுகி உறைவதும், பட்டை நழுவுவதும் தீராத சிக்கல்களாக இருந்தன.

1935 இல் பொம்பார்டியே இதற்குத் தீர்வு கண்டார். இறப்பர் போர்த்திய பல்சக்கரம் ஒன்று, இறப்பர் வார்களையும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் எஃகுச் சட்டங்களையும் கொண்ட பட்டையை இழுத்துச் சுழற்றுவதாக அவ்வமைப்பு இருந்தது. இறப்பர் வளைந்து கொடுப்பதால் பனி இறுகி ஒட்டவில்லை. பல்சக்கரம் சட்டங்களைப் பற்றி இழுப்பதால் பட்டை நழுவவும் இல்லை. முன்புறத்தில் திசைதிருப்பச் சறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்டன. 1937 ஜூன் மாதத்தில் இதற்குக் காப்புரிமம் கிடைத்தது. வாழ்நாளில் இவர் பெற்ற 40 க்கும் மேற்பட்ட காப்புரிமங்களில் இதுவே அடிப்படையானது.

இவ்வமைப்பைக் கொண்டு எழுவர் அமரக்கூடிய பி-7 என்னும் ஊர்தி விற்பனைக்கு வந்தது. ஒட்டுப்பலகையால் ஆன மூடிய உடலைக் கொண்டிருந்த இவ்வூர்தியை மருத்துவர்கள், குருமார்கள், அஞ்சல்காரர்கள், விடுதி நடத்துவோர் முதலியோர் வாங்கினர். தேவை பெருகவே, 1941 தொடக்கத்தில் வல்கூரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 200 ஊர்திகள் தயாரிக்கும் வசதி அதில் இருந்தது. பன்னிருவர் பயணம் செய்யும் பி-12 இக்காலத்தில் அறிமுகமானது. வட்டச் சாளரங்கள் கொண்ட இவ்வூர்தி கனடியக் குளிர்காலத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

போர்க்காலம்

1942 ஜூலையில் பொம்பார்டியே தமது தொழிலை ஓட்டோ-நேஜ் பொம்பார்டியே என்ற பெயரில் நிறுவனமாகப் பதிவு செய்தார். உடன்பிறந்தோர் இதில் பணியாற்றினர். இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் பொதுமக்களுக்கான விற்பனைக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. இன்றியமையாத தேவையை மெய்ப்பிப்பவர்களே ஊர்தி வாங்க முடிந்தது. இந்நிலையில் நிறுவனம் படைத்துறைக்கான ஊர்திகளின் பக்கம் திரும்பியது. பி-12 ஐ அடிப்படையாகக் கொண்ட பி-1 என்னும் படை ஊர்தியும், கவசம் பூண்ட வேறு சில வகைகளும் உருவாக்கப்பட்டன.

திறக்கப்பட்ட சாலைகளும் நெருக்கடியும்

போர் முடிந்ததும் விற்பனை உயர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல சி-18 என்னும் பெரிய ஊர்தி தயாரிக்கப்பட்டது. ஆனால் இந்த வளர்ச்சி நீடிக்கவில்லை. 1948 இல் கியூபெக் அரசு நாட்டுப்புறச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியகற்றும் திட்டத்தை மேற்கொண்டது. சாலைகள் திறக்கப்பட்டதும் மக்கள் தங்கள் தானுந்துகளையே ஆண்டு முழுவதும் பயன்படுத்தத் தொடங்கினர். பொம்பார்டியே எந்தத் துயரைப் போக்க உழைத்தாரோ அத்துயர் நீங்கிற்று. அதே காரணத்தால் அவரது பெரிய பனியூர்திகளுக்கான சந்தையும் சுருங்கியது.

பொம்பார்டியே உடனே வேறு துறைகளை நாடினார். 1949 இல் சாதாரணப் பண்ணை டிராக்டர்களின் சக்கரங்களோடு இணைக்கத்தக்க பட்டைத் தொகுதியை வெளியிட்டார். இதனால் இளவேனிற்காலச் சேற்றிலும் குளிர்காலப் பனியிலும் உழவர்கள் தங்களிடம் இருந்த டிராக்டரையே பயன்படுத்த முடிந்தது. 1953 இல் மஸ்கெக் என்னும் பட்டை டிராக்டர் வந்தது. மஸ்கெக் என்பது வடகனடாவின் சதுப்புநிலங்களைக் குறிக்கும் தொல்குடிச் சொல்லாகும். அகன்ற பட்டைகள் கொண்ட இது எண்ணெய் தேடல், மின்கம்பி அமைத்தல், மரம் வெட்டுதல் ஆகிய பணிகளுக்குப் பயன்பட்டது. விவியன் ஃபுக்ஸ் தலைமையில் 1957-58 இல் அண்டார்க்டிக்காவைக் கடந்த பொதுநலவாயப் பயணக்குழுவின் ஊர்திகளிலும் ஒரு மஸ்கெக் இருந்தது.

மரத்தொழிலுக்காக ஜே-5 என்னும் சிறிய டிராக்டரும் தயாரிக்கப்பட்டது. இதன் முன்புறத்தில் பனிதள்ளும் தகடு பொருத்தப்பட்டு, பெரிய ஊர்திகள் நுழைய முடியாத நகர நடைபாதைகளைத் துப்புரவு செய்யவும் பயன்படுத்தப்பட்டது. பனியகற்றலால் சந்தையை இழந்த நிறுவனம், இவ்வாறு பனியகற்றும் பொறிகளையே விற்கும் நிலைக்கு வந்தது.

ஸ்கி-டூ

ஒருவரோ இருவரோ செல்லத்தக்க சிறிய பனியுந்தை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் பொம்பார்டியேக்கு இளமையிலிருந்தே இருந்தது. எடை குறைந்த இயந்திரங்கள் கிடைக்காததால் அது நிறைவேறவில்லை. 1950களின் இறுதியில் அத்தகைய இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. அதே காலத்தில் மூத்த மகன் ஜெர்மேன், இணைப்பு இல்லாத ஒரே தொடரான அகன்ற இறப்பர்ப் பட்டையை உருவாக்கினார். இவ்விரண்டும் சேர்ந்தபோது பழைய கனவு நிறைவேறக்கூடியதாயிற்று.

வடக்கு ஒன்ராறியோவில் தொல்குடி மக்களிடையே பணியாற்றிய மறைபணியாளர் மொரிஸ் உயிமே இவருடைய நண்பர். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே அவர் ஊரூராகச் செல்ல வேண்டியிருந்தது. 1959 ஏப்ரலில் பொம்பார்டியே தமது மாதிரி வண்டியை அங்கு எடுத்துச் சென்று இயக்கிக் காட்டினார். நாய்வண்டிக்கு மாற்றாக எண்ணப்பட்டதால் முதலில் ஸ்கி-டாக் என்ற பெயர் கருதப்பட்டது. பின்னர் ஸ்கி-டூ என்றாயிற்று. முதற் பருவத்தில் 225 வண்டிகள் விற்பனையாயின. மறைபணியாளர்கள், வேட்டையாடுவோர், நில அளவையாளர் ஆகியோருக்கென அமைக்கப்பட்ட வண்டியை மக்கள் விரைவிலேயே பொழுதுபோக்குக்காக வாங்கினர். 1963-64 பருவத்தில் விற்பனை 8,000 ஐத் தாண்டியது. ஆயினும், விளையாட்டு மோகம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில் பொம்பார்டியே எச்சரிக்கையாகவே இருந்தார். டிராக்டர் தயாரிப்பைப் புறக்கணிக்கவில்லை.

வடபகுதி மக்களின் வாழ்வில் பனியுந்து பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. பயணமும் வேட்டையும் விரைவாயின. அதே வேளையில் நாய்வண்டி மரபு பல இடங்களில் மறையத் தொடங்கியது. எரிபொருளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் வெளியாரை நம்பியிருக்க வேண்டிய நிலையும் உருவானது.

இறப்பும் நினைவும்

பொம்பார்டியே 1964 பெப்ரவரி 18 அன்று செர்புரூக்கில் புற்றுநோயால் காலமானார். அப்போது இவருக்கு வயது 56. இவருக்குப் பின் ஜெர்மேனும், 1966 முதல் மருமகன் லோரான் போதுவானும் நிறுவனத்தை நடத்தினர். 1974 இல் மொண்ட்ரியால் சுரங்கத் தொடர்வண்டிக்கான பெட்டிகளைத் தயாரிக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. 1986 இல் கனடேர் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் வானூர்தித் துறையில் கால்பதித்தது. ஸ்கி-டூ தயாரிக்கும் பிரிவு 2003 இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. தொடர்வண்டிப் பிரிவு 2021 இல் அல்ஸ்டம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

வல்கூரில் இவர் பெயரால் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இவர் 1926 இல் தொடங்கிய திருத்தகமும் அங்கு பேணப்படுகிறது. கியூபெக்கின் 55 ஆம் எண் விரைவுச் சாலையின் ஒரு பகுதிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இச்சாலை செர்புரூக் நகரைத் தொட்டுச் செல்கிறது.