கப்பலோடு தப்பி வந்த சுக்கானி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பியூஃபோர்ட் என்றொரு சிற்றூர். அங்கே மெக்கீ என்ற சீமான் வீட்டுப் பின்கட்டில், லிடியா என்னும் அடிமைப் பெண்ணுக்கு 1839 ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். பன்னிரண்டு வயதானதும் எஜமானர் அவரைச் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பிவிட்டார். உழைப்பு பையனுடையது, கூலி எஜமானருக்கு. வாரத்துக்கு ஒரு டாலர் மட்டும் பையன் கைக்கு வரும்.

ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் வேலை செய்தார், கடைசியில் கப்பல் ஏறினார். 1856-ல் ஹன்னா என்ற ஓட்டல் பணிப்பெண்ணை மணந்தார். அந்த அம்மாளும் அடிமை. பிறக்கும் குழந்தையும் தாயின் எஜமானருக்கே சொந்தம் என்பது அக்காலச் சட்டம். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்க ஸ்மால்ஸ் பேரம் பேசினார். கேட்ட விலை 800 டாலர், அவரிடம் சேர்ந்திருந்தது 100 டாலர். ஊருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை விளங்கும்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்க நின்ற தென்பகுதிப் படையின் 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடித்தார். வழிகாட்டி மாலுமியின் வேலை முழுவதும் அவர்தான் செய்தார், ஆனால் கறுப்பருக்கு அந்தப் பதவிப் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். வேலை ஒருவருக்கு, பதவி வேறொருவருக்கு என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போலும்.

1862 மே 12-ந் தேதி இரவு வெள்ளைக்கார அதிகாரிகள் மூவரும் கரையில் தூங்கப் போனார்கள். விடிவதற்கு முன்பே ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் ஒளிந்திருந்த மனைவி மக்களையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார். கப்பலில் மொத்தம் 16 பேர். கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நின்று, வழியிலுள்ள கோட்டைகளுக்கு உரிய ஊதல் சைகைகளைத் தவறாமல் கொடுத்தார். சைகை பிசகியிருந்தால் பீரங்கிதான் பதில் சொல்லியிருக்கும். சம்டர் கோட்டையையும் கடந்து குண்டு எட்டாத தூரம் போன பிறகே கொடியை இறக்கி வெள்ளைத் துணியை ஏற்றினார்கள். எதிரே முற்றுகையிட்டிருந்த வடபகுதிக் கப்பல் சுடப் போகும் தறுவாயில் அதைக் கண்டுகொண்டது.

ஸ்மால்ஸுக்கு 1,500 டாலர் வெகுமதி கிடைத்தது. அவர் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி லிங்கனையும் சந்தித்தார். 1863 டிசம்பரில் குண்டு மழைக்கு நடுவே பிளாண்டரின் வெள்ளைக்காரக் கேப்டன் நிலக்கரி அறையில் போய்ப் பதுங்க, ஸ்மால்ஸ் கப்பலைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார். அதன்பின் அவரே கேப்டன். இத்தனைக்கும் பிறகு, 1864-ல் பிலடெல்பியா நகரில் டிராம் வண்டியிலிருந்து கறுப்பர் என்று அவரை இறக்கிவிட்டார்கள். எழுந்த கண்டனம் அடங்கவில்லை. 1867-ல் அந்த மாநிலத்தில் டிராம்களில் இந்தப் பாகுபாடு சட்டப்படி தடுக்கப்பட்டது.

எழுதப் படிக்க அவர் கற்றதே வளர்ந்த பிறகுதான். வாத்தியார் வைத்துப் படித்தார். வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்த பழைய எஜமானரின் வீட்டை வாங்கி அதில் குடியேறினார். விடுதலை பெற்ற மக்களுக்காகக் கூட்டாளி ஒருவருடன் கடை வைத்தார். 1870-ல் சார்ல்ஸ்டனில் 'எண்டர்பிரைஸ்' ரயில் கம்பெனி தொடங்கியபோது அதில் பங்கு கொண்டார். டைரக்டர்கள் ஒருவர் தவிர எல்லாரும் கறுப்பர்கள். எஞ்சின் கிடையாது. துறைமுகச் சரக்கைத் தண்டவாளத்தில் இழுத்துச் சென்றவை குதிரைகள்.

1868-ல் மாநில அரசியல் சட்டம் எழுதியபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று வாதாடினார். பின்னர் பலமுறை அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குச் சென்றார். 1877-ல் லஞ்ச வழக்கில் தண்டனையும் பெற்றார், 1879-ல் கவர்னர் மன்னித்தார். 1895-ல் கறுப்பரின் ஓட்டைப் பறிக்கப் புதிய சட்டம் எழுதியபோது அந்த மாநாட்டிலேயே எழுந்து நின்று எதிர்த்தார். தோற்றார்.

1915 பிப்ரவரி 23-ந் தேதி பியூஃபோர்ட் வீட்டில் காலமானார். தென்பகுதிப் படை வென்ற ஒரு சண்டையின் பெயரைத் தாங்கியிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு, 2023-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயரிட்டார்கள்.