வல்வெட்டித்துறைக் கப்பலை வாங்கிய அமெரிக்கர்

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1902-ம் ஆண்டில் பிறந்தவர். அமெரிக்கர்.

1928-ம் ஆண்டு "ஸ்வாப்" என்ற 32 அடிப் பாய்ப்படகில் புறப்பட்டார். அந்தப் படகே அவருக்கு வீடு. மூன்றரை ஆண்டுகளில் உலகத்தையே சுற்றி வந்துவிட்டார்!

மறுபடியும் கடலேறியபோது விதி குறுக்கிட்டது. 1934-ம் ஆண்டு காலபகோஸ் தீவில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தார். அமெரிக்கக் கடற்படை விமானங்கள் பறந்து வந்து உயிரைக் காப்பாற்றின. படகு கைவிட்டுப் போயிற்று.

கடல் ஆசை மட்டும் போகவில்லை.

யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய "அன்னபூரணி அம்மாள்" கப்பலை விலைக்கு வாங்கினார். நீளம் 89 அடி. இரண்டு பாய்மரங்கள். வேப்ப மரத்தில் உருவானது. வெப்பக் கடலில் பலகையைப் புழு துளைக்கும். கலப்பத்துத் தளர்ந்தால் நீர் புகும். ஆகவே மரமும் கைவேலையும் உறுதியாக இருக்கவேண்டும்.

மனைவியின் பெயரால் கப்பலுக்குப் "புளோரன்ஸ் சி. ராபின்சன்" என்று பெயர் சூட்டினார். தண்டையல் தம்பிப்பிள்ளை உட்பட வல்வை மாலுமிகள் ஐவர் அதைச் செலுத்தினார்கள். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் கடந்து, 1938 ஆகஸ்டு 1-ந் தேதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. தமிழன் கட்டிய கப்பல். தமிழன் ஓட்டிய கப்பல்!

பிறகு ராபின்சன் தம் சொந்தப் பட்டறையிலேயே 70 அடி நீள "வருவா"வைக் கட்டி, 1942-ல் நீரில் இறக்கினார். 1945-ல் அதிலேயே தாகித்தித் தீவுக்குப் போய்க் குடியேறினார். அத்தீவு மக்களை வாட்டிய யானைக்கால் நோயை ஒழிக்கும் ஆராய்ச்சிக்கு உறுதுணையாக நின்றார்.