வாசிலி கன்டின்ஸ்கி: நிலக்காட்சியிலிருந்து அரூப ஓவியத்திற்கு

வாசிலி கன்டின்ஸ்கி திடீரென உருவங்களைக் கைவிட்டு அரூப ஓவியம் வரையத் தொடங்கினார் என மாணவர் பலர் விடை எழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. மலை, தெரு, தேவாலயம் என்பவற்றை வரைந்த நிலக்காட்சி ஓவியராகவே அவர் பல ஆண்டுகள் இருந்தார். அக்காட்சிகளில் வர்ணத்தைப் படிப்படியாக விடுவித்தே அரூபத்தை அடைந்தார். அவரது வாழ்க்கையை ஒழுங்காகக் கற்றால் இது தெளிவாகும்.

பிறப்பும் கல்வியும்

கன்டின்ஸ்கி 1866 ஆம் ஆண்டு ரஷ்யாவின் மொஸ்கோ நகரில் பிறந்தார். மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளியலும் கற்றார். 1889 இல் ஆய்வுப் பயணமாக வடக்கே வொலொக்டா பகுதிக்குச் சென்றார். அங்கு விவசாயிகளின் வீடுகளுக்குள் எங்கும் பளிச்சிடும் வர்ண அலங்காரங்கள் நிறைந்திருந்தன. அவ்வீடுகளுள் நுழைந்தபோது ஓர் ஓவியத்தினுள்ளேயே நுழைந்தது போன்ற உணர்வு அவருக்கு ஏற்பட்டது.

பின்னர் மொஸ்கோவில் நடைபெற்ற பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியொன்றில் குளோட் மொனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைக் கண்டார். அது வைக்கோற்போர் என்பதை அவரால் உடனே அறிய முடியவில்லை. ஆயினும் அதன் வர்ணங்கள் மனதை விட்டு அகலவில்லை. பொருளை அடையாளம் காணாமலே ஓவியம் மனதைத் தொட முடியுமா என்ற வினா அவருள் எழுந்தது.

1896 இல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. நிலையான அத்தொழிலை மறுத்து, ஏறத்தாழ 30 வயதில், ஜேர்மனியின் மியூனிச் நகருக்கு ஓவிய மாணவனாகச் சென்றார். இது அவரது வாழ்வின் பெரிய துணிவு எனலாம்.

முர்னாவ் நிலக்காட்சிகள்

1908 முதல் ஓவியர் கப்ரியேல் மூன்டருடன் மியூனிச்சின் தெற்கே, அல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள முர்னாவ் என்னும் சிற்றூரில் தங்கி வரைந்தார். அவ்வூர் மக்களின் கண்ணாடி ஓவியங்களிற் காணப்பட்ட தடித்த கோடுகளும் கலப்பற்ற வர்ணங்களும் அவரைக் கவர்ந்தன. பரிசில் தங்கியிருந்த காலத்தில் அறிந்த நவீன ஓவியங்களும் துணைபுரிந்தன.

இக்கால ஓவியங்களில் வர்ணம் இயற்கையைப் பின்பற்றவில்லை. தெரு மஞ்சளாகவும் மலை கடும் நீலமாகவும் மாறலாம். 1909 இல் வரைந்த முர்னாவ் புகையிரத ஓவியத்தில் வண்டி கரிய நிழலுருவாகவே உள்ளது. வர்ணம் பொருளைக் காட்டும் கருவியாக அன்றி உணர்வைக் காட்டும் கருவியாயிற்று.

ஒருநாள் மாலை மங்கலில் தனது அறையில் மிக அழகான, ஆனால் புரியாத ஓவியமொன்றைக் கண்டார். பின்னரே அது பக்கவாட்டிற் சாய்த்து வைக்கப்பட்ட தனது ஓவியம் என அறிந்தார். பொருளே தனது ஓவியத்துக்குத் தடை என எண்ணினார். ஆயினும் ஓர் அச்சம் அவரைத் தடுத்தது. பொருளை நீக்கினால் எஞ்சுவது கழுத்துப்பட்டி, கம்பளம் என்பவற்றிலுள்ள வெறும் அலங்காரமாகி விடாதா? இவ்வச்சத்தினாலேயே அவர் மெதுவாக நடந்தார். குதிரைவீரன், மலை, படகு ஆகியன சில கோடுகளாகச் சுருங்கி நீண்ட காலம் அவரது ஓவியங்களில் இருந்தன.

அரூபத்தை அடைதல்

1911 ஜனவரியில் ஷோன்பேர்க்கின் இசைநிகழ்ச்சியைக் கேட்டபின் வரைந்த ஓவியத்தில் மஞ்சள் வர்ணம் பரவி நிற்க, பியானோ கரிய வடிவமாக மாறியது. சொல்லின்றி இசை மனதைத் தொடுவது போல வர்ணமும் தொடும் என்பது அவரது நம்பிக்கை. அவ்வாண்டே பிரான்ஸ் மார்க்குடன் நீலக் குதிரைவீரன் குழுவை அமைத்தார். கலையில் ஆன்மிகம் பற்றிய தமது நூலையும் வெளியிட்டார். 1913 இல் ஏறத்தாழ 2 மீற்றர் உயரமும் 3 மீற்றர் நீளமும் கொண்ட 'ஏழாம் கொம்பொசிஷன்' ஓவியத்தைப் பல முன்வரைவுகளின் பின் நான்கே நாட்களில் வரைந்து முடித்தார்.

பிற்கால வாழ்க்கை

1914 இல் முதலாம் உலகப்போர் தொடங்கவே ரஷ்யா திரும்பினார். 1922 முதல் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்திற் கற்பித்தார். இக்காலத்தில் வட்டம், முக்கோணம் முதலிய கேத்திரகணித வடிவங்கள் அவரது ஓவியங்களில் முதன்மை பெற்றன. 1933 இல் நாசி ஆட்சியின் நெருக்குதலால் அந்நிறுவனம் மூடப்பட, பிரான்சுக்குச் சென்றார். 1937 இல் நாசிகள் மியூனிச்சில் நடத்திய 'சீர்கெட்ட கலை' கண்காட்சியில் அவரது ஓவியங்களும் இழிவுபடுத்தப்பட்டன. எனினும் மூன்டர் தம்மிடமிருந்த அவரது ஓவியங்களை முர்னாவ் வீட்டில் மறைத்துக் காத்து, 1957 இல் மியூனிச் லென்பாக்ஹவுஸ் நூதனசாலைக்கு வழங்கினார். கன்டின்ஸ்கி 1944 டிசெம்பர் 13 இல் பரிசின் அருகே காலமானார்.

நினைவிற் கொள்க

உலகின் முதல் அரூப ஓவியர் கன்டின்ஸ்கி என உறுதியாக எழுதுவதைத் தவிர்க்கவும். 1910 எனத் திகதியிடப்பட்ட அவரது அரூப நீர்வர்ண ஓவியம் 1913 அளவில் வரையப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சுவீடன் நாட்டு ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906 இலேயே இத்தகைய ஓவியங்களை வரையத் தொடங்கியிருந்தார். அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர் என்பதே பொருத்தமான விடை. முதலாவதாக வந்தவர் யார் என்பதைவிட, கண்ட காட்சியிலிருந்து உணர்ந்த வர்ணத்தை நோக்கி அவர் எவ்வாறு படிப்படியாகச் சென்றார் என்பதை விளக்குவதே சிறந்தது.