ஜான் பௌல்பி: 44 சின்னத் திருடர்களும் ஒரு கேள்வியும்

ஒரு பையன் திருடி மாட்டிக்கொண்டால், ஏன் திருடினாய் என்று அதட்டுவதுதான் வழக்கம். 1936-ல் லண்டன் குழந்தை வழிகாட்டு மையத்தில் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி கேள்வியை மாற்றிப் போட்டார். முதல் ஐந்து வயதுக்குள் இவனுக்கு என்ன நடந்தது? யாரை விட்டுப் பிரிந்தான்?

இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்திருக்காது. 1907-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். அப்பா பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். மேட்டுக்குடி வழக்கப்படி அம்மாவைப் பார்ப்பது தினமும் ஒரு மணி நேரம்தான். தூக்கி வளர்த்தது மின்னி என்ற ஆயா. பௌல்பிக்கு நாலு வயசு ஆகும் சமயத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

மையத்துக்கு வந்தவர்களில், திருடும் பழக்கமுள்ள 44 பேரை, திருடாத 44 பேரோடு ஒப்பிட்டார். உளவியலாளர் குழந்தையைச் சோதிக்கும் நேரத்தில், மனநல சமூகப் பணியாளர் அம்மாவிடம் உட்கார்ந்து பிறந்ததிலிருந்து நடந்த கதையைக் கேட்டு எழுதுவார். ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தானா, வேறு வீட்டில் வளர்ந்தானா? அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

1944-ல் முடிவு வெளியானது. 44 திருடர்களில் 14 பேர் யாரிடமும் ஒட்டாத, பாசமே காட்டாத ரகம். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் தாயை நீண்ட நாள் பிரிந்திருந்தவர்கள். திருடாத 44 பேரில் அப்படிப் பிரிந்தவர்கள் 2 பேர்தான்.

ரிஸ்க் ஃபேக்டர், அதாவது மனநோய்க்கான ஆபத்துக் காரணி என்று இன்று சமூகப் பணியாளர்கள் சொல்வதற்கு ஆரம்பகால உதாரணம் இது. ஓட்டையும் உண்டு: பேட்டி கண்டவரும் அவரே, வகை பிரித்தவரும் அவரே.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் அவர் தந்த அறிக்கை இன்னும் அழுத்தமாகப் பேசியது. குழந்தையை விடுதியில் சேர்க்கச் செலவழிக்கும் அரசு, அதே பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்டது. நியாயம்தான். ஆனா அம்மா பிரிந்தால் எல்லாம் போச்சு என்கிற தொனியும் அதில் இருந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் மேல் பழி விழ அது வசதியாகிவிட்டது.

இதற்குள் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அவரோடு சேர்ந்திருந்தார். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் இஷ்டத்துக்குப் பார்க்க முடியாது. ராபர்ட்சன் 1952-ல், 8 நாள் வார்டில் இருந்த 2 வயசுக் குழந்தையைப் படம் எடுத்தார். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959-ல் பிளாட் கமிட்டி, பார்வை நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொன்னது. பிரிவையே தவிர்க்க முடியாதபோதும் அதன் வலியைக் குறைக்கலாம் இல்லையா? பாதுகாப்புக் காரணி என்பது நடைமுறையில் இதுதான்.

பௌல்பியைத் திருத்தியவர்களில் பௌல்பியும் ஒருவர். சின்ன வயதில் காசநோய் விடுதியில் இருந்த 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வை 1956-ல் வெளியிட்டார். பெரும்பாலோர் பாசமற்றவர்களாக மாறவில்லை. முன்பு மிகைப்படுத்திவிட்டதாக அதில் ஒப்புக்கொண்டார். 1972-ல் மைக்கேல் ரட்டர் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்: பிரிவு வேறு, வீட்டில் ஓயாத சண்டை வேறு, யாரோடும் பந்தமே உருவாகாமல் போவது வேறு. குழந்தை ஒட்டிக்கொள்ள அம்மாதான் வேண்டும் என்றில்லை என்பதையும் காட்டினார்.

1990 செப்டம்பர் 2-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், 83-வது வயதில் பௌல்பி காலமானார். அந்த வருடம் வெளியான அவருடைய கடைசிப் புத்தகம் சார்லஸ் டார்வினைப் பற்றியது. டார்வினை வாழ்நாளெல்லாம் படுத்திய உடல் உபாதைகளுக்கு வேர், 8 வயதில் அவர் தாயை இழந்ததில் இருக்கலாம் என்று அதில் வாதாடியிருந்தார்.