தந்தை சிவராஜும் நம் குடியிருப்பு மனையும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரைப் புரட்டும் இளைஞர் அனைவரும் அண்ணல் அம்பேத்கரை அறிவர். இரட்டைமலை சீனிவாசனாரையும் எம்.சி. ராஜாவையும் பெயரளவிலேனும் அறிவர். ஆனால் 1942-ஆம் ஆண்டு அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்ற வேளையில், அகில இந்திய இயக்கத்தின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் சென்னை வழக்கறிஞர் ஒருவர் என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. அவரே நம் பெரியோர் தந்தை சிவராஜ் என அன்புடன் அழைத்த என். சிவராஜ் ஆவார்.

அவர் 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் கடப்பையில் பிறந்தார். சென்னையில் பட்டப்படிப்பை முடித்துச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர்ச் சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தை எண்ணிப் பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். கல்லூரி வாயிலை மிதித்த ஆதிதிராவிட மாணவர்களை எண்ணிவிடலாம் என்றிருந்த நாளில், உயர்சாதி மாணவர்கள் எழுந்து நின்று வணங்கிச் சட்டம் கேட்டது நம்மவர் ஒருவரிடம்!

அதே நாளில் நம் காவிரிக் கரையில் சட்டம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது? கச்சேரி என்றால் மிராசுதாரும் அவருடைய காரியஸ்தரும் போய்வரும் இடம். பண்ணையாள் அங்கே போவது, கைநாட்டு வைப்பதற்காகவோ கைதியாகவோ மட்டுமே. வாங்கிய கடனுக்குத் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலுமே தீர்ப்பாக வழங்கப்பட்டன. நம் பாட்டன்மாருக்குச் சட்டம் தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள வழி விடப்படவில்லை என்பதே உண்மை.

சிவராஜ் அவர்கள் தொடக்கத்தில் நீதிக்கட்சியில் இருந்தார். 1926 முதல் பத்தாண்டுகள் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். அவர் நுழைவதற்கு இரண்டாண்டு முன்னர், 1924-இல், பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் அதே மன்றத்தில் நிறைவேற்றச் செய்திருந்தார். தாளில் ஏறிய அவ்வுரிமை தஞ்சைக் கிராமங்களின் அக்கிரகார முனையைக் கடக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். பின்பு 1937 முதல் டெல்லியில் மத்திய சட்டசபையிலும் அவர் பணியாற்றினார்.

அவர் வாழ்வின் உச்சம் என நாம் கருதுவது நாகபுரி மாநாடேயாகும். கிரிப்ஸ் தூதுக்குழு வந்து போன சில மாதங்களில், 1942 ஜூலையில், நாடெங்கிலுமிருந்து நம் மக்கள் அங்கே திரண்டனர். அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சிவராஜ். ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் அங்கேதான் தோன்றிற்று. அதன் தலைவராக அவரும் பொதுச் செயலாளராக ராஜ்போஜும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நம் ஒப்புதலின்றி இந்நாட்டுக்கு எழுதப்படும் எந்த அரசியலமைப்பையும் ஏற்கமாட்டோம் என்று மாநாடு முழங்கியது. ஒவ்வொரு மாகாண வரவுசெலவுத் திட்டத்திலும் நம் குழந்தைகளின் கல்விக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று கேட்டது. நம்மைப் போன்ற சங்கங்கள் இன்று உண்டியல் குலுக்கிச் செய்யும் பணியை அரசின் கடமையாக அன்றே வகுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தஞ்சை மண்ணில் பிறந்த நாம் நின்று படிக்க வேண்டியது அம்மாநாட்டின் மற்றொரு தீர்மானத்தை. நம் மக்கள் வாழும் கிராம அமைப்பையே மாற்ற வேண்டும். அரசிடம் உள்ள சாகுபடியாகாத நிலங்களில் அவர்களுக்கெனத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும். அதனை நிறைவேற்ற ஓர் ஆணையம் வேண்டும் என்பது அத்தீர்மானம். ஊரையே விட்டுப் போவதா என்று அக்காலத்தில் பலர் முகம் சுளித்தனர். முகம் சுளித்தவர்களுக்குச் சொந்த மனை இருந்தது. நம் சேரிகளிலோ குடிசை நின்ற தரையும் மிராசுதாருடையது. வாசலுக்கு வரும் வரப்பும் அவருடையது. கூலி மரக்கால் குறைகிறதே என்று வாய் திறந்தவனைப் பண்ணையிலிருந்து நீக்குவதோடு மட்டுமா விட்டார்கள்? குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்றும் சொன்னார்கள். நிற்க இடமில்லாதவன் எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடுவான்? மனை பிறருடையதாக இருக்கும்வரை ஏனைய உரிமைகள் ஏட்டளவிலேயே நிற்கும் என்பதைச் சட்டம் கற்றவர்கள் கண்டுகொண்டதன் விளைவே அத்தீர்மானம் என்று நாம் கருதுகிறோம்.

1945-இல் சிவராஜ் சென்னை மாநகர மேயரானார். மறு ஆண்டே சம்மேளனத்துக்குப் பெருந்தோல்வி வந்தது. 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தப்படி, தனித்தொகுதிகளில் முதலில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைப் பொறுக்க வேண்டும். பின்னர் அந்நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். நம்மவர் முதலிடம் தந்தவர், ஊரார் வாக்கில் வீழ்வது அடிக்கடி நேர்ந்தது. இந்தியா முழுவதும் கணக்கிட்டாலும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே சம்மேளனத்துக்குக் கிட்டின. சிவராஜ் சோர்ந்துவிடவில்லை. ‘ஜெய்பீம்’ என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார்.

அவருடைய துணைவியார் அன்னை மீனாம்பாள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இரங்கூனில் 1904-இல் பிறந்த அம்மையார், இந்தி எதிர்ப்புப் போரிலும் பெண்கள் மாநாடுகளிலும் மேடையேறி முழங்கியவர். அண்ணல் அவரைத் தம் உடன்பிறப்பாகவே மதித்தார். கணவருக்குப் பின்னும் நெடுநாள் வாழ்ந்து 1992-இல் மறைந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிவராஜ் அவர்களின் இயக்கம் வடதமிழ்நாட்டில் ஊன்றிய அளவுக்கு நம் தஞ்சை வயல்வெளியில் ஊன்றவில்லை. இங்கே பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர்கள் 1943-இல் வந்த பி. சீனிவாசராவும் அவர் தோழர்களும், கொடி செங்கொடி. சவுக்கடி நின்றதற்கு அந்தச் சங்கமே முதற்காரணம். சம்மேளனத்தார் நகரத்தையும் சட்டமன்றத்தையும் நம்பிய அளவுக்குக் களத்துமேட்டுக்கு வரவில்லை என்பது நம் எண்ணம். ஆயினும் தெருவில் வென்றதைத் தாளில் எழுதி வாங்கச் சட்டம் தெரிந்தவர்களும் தேவைப்பட்டனர். 1952-ஆம் ஆண்டுத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பண்ணையாட்களை விலக்கித் தினக்கூலிகளாக்கிய மிராசுதார்கள் பலர். அதன் விதிகளைப் படித்துச் சொல்ல ஒரு சேரிக்கு ஒருவர் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

1957-இல் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து சிவராஜ் மக்களவைக்குச் சென்றார். அண்ணல் கனவு கண்ட இந்தியக் குடியரசுக் கட்சி அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் உருவானபோது அதன் முதல் தலைவரானார். 1964 செப்டம்பர் 29-ஆம் நாள், தாம் பிறந்த அதே தேதியில், காலமானார். நிலமற்றோர்க்கு நிலம் கேட்டு அக்கட்சி நாடு தழுவிய சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது அதே ஆண்டு டிசம்பர் 6-இல்.

நான்காண்டு கழிந்து 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. 1971-இல்தான் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் பிறந்தது. குடியிருந்த தரை விவசாயத் தொழிலாளிக்கே உரியதாயிற்று. அச்சட்டப்படி பெற்ற பத்திரங்கள் நம் வீடுகளில் பலவற்றில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இளைஞர்கள் அதனை எடுத்து, யார் பெயரில் உள்ளது, அளவு என்ன, நான்கெல்லை எது என்று வீட்டுப் பெரியோருக்கு வாசித்துக் காட்டலாம். பத்திரம் கிட்டாத வீடுகளின் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வோம்.