பகை தணித்த ஆளுநர் சோம்ஸ் பிரபு

நாடுகளை வென்றவர்களின் வரலாற்றை நாம் ஆர்வத்துடன் படிக்கிறோம். ஆட்சியை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகியவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. அத்தகையோருள் ஒருவர் கிறிஸ்டபர் சோம்ஸ் பிரபு.

இவர் 1920ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்று படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் காயமுற்றார். 1947இல் வின்ஸ்டன் சர்ச்சிலின் இளைய மகள் மேரியை மணந்தார். நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், பிரான்சு நாட்டுத் தூதர் எனப் பல பதவிகளை வகித்தார். ஆயினும் அவருடைய பெரும் சோதனை ஆப்பிரிக்காவில் காத்திருந்தது.

இன்றைய சிம்பாப்வே அன்று ரொடீசியா எனப்பட்டது. பிரிட்டனுக்கு உட்பட்டிருந்த அந்நாட்டில், 1965இல் சிறுபான்மை வெள்ளையர் அரசு தானாகவே விடுதலையை அறிவித்துக்கொண்டது. பெரும்பான்மையினரான கறுப்பின மக்கள் ஆட்சியுரிமை இழந்து நின்றனர். அதனால் மூண்ட போரில் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1979இல் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சு நடந்தது. டிசம்பர் 21ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாவதற்கு முன்பே, 12ஆம் நாள் சோம்ஸ் ஆளுநராகச் சாலிஸ்பரி நகரில் வந்திறங்கினார்.

டிசம்பர் 28இல் போர்நிறுத்தம் தொடங்கியது. கொரில்லா வீரர்கள் காட்டைவிட்டுக் குறிப்பிட்ட முகாம்களில் கூட வேண்டும். அதைக் கண்காணிக்க ஐந்து நாடுகளிலிருந்து வந்திருந்த படையினரோ ஏறத்தாழ 1,300 பேர்தாம்! வருவார்களா என்று உலகமே ஐயுற்ற வேளையில், ஆயுதங்களுடன் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர்.

எனினும் ஆளுநரின் பாதை மலர்ப்பாதையாக இல்லை. பழைய அரசின் படைகளை வெளியே அனுப்ப அவர் இசைந்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் அவரைக் கண்டித்தன. இராபர்ட் முகாபேயின் கட்சியினர் சிற்றூர்களில் மக்களை மிரட்டுகின்றனர் என்ற புகார்களும் குவிந்தன. முகாபேயைக் கொல்லவும் முயற்சிகள் நடந்தன. மிரட்டல் நிகழும் மாவட்டங்களில் வாக்குப்பதிவையே நிறுத்தும் அதிகாரம் ஆளுநருக்கு இருந்தது. நிறுத்துக என்று பலர் வற்புறுத்தினர். நிறுத்தினால் போர் மீண்டும் மூளலாம். நிறுத்தாவிட்டால் தேர்தல் நேர்மையற்றது எனப்படலாம். சோம்ஸ் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை.

1980 பிப்ரவரி 27 முதல் 29 வரை மக்கள் திரண்டு வந்து வாக்களித்தனர். வாக்காளர் பட்டியல் இல்லாததால், ஒருவரே இருமுறை வாக்களிக்காதபடி விரல்களைச் சாயத்தில் தோய்த்தனர். நம் நாட்டுத் தேர்தல் மை நம் நினைவுக்கு வருகிறதல்லவா? தேர்தலைப் பார்வையிட்ட காமன்வெல்த் குழுவின் தலைவரும் நம் இந்தியரான இராஜேஷ்வர் தயாளே ஆவார்.

மார்ச் 4இல் முடிவு வெளியாயிற்று. கறுப்பின மக்களுக்குரிய 80 இடங்களில் முகாபேயின் கட்சி 57 இடங்களை வென்றது. வெள்ளையர் பலர் திகைத்தனர். சோம்ஸோ முடிவை ஏற்று, முகாபேயையே ஆட்சியமைக்க அழைத்தார். ஏப்ரல் 18இல் புதிய நாடு பிறந்தது. நான்கு மாத ஆளுநர் தாயகம் திரும்பினார். 1987 செப்டம்பர் 16இல் அவர் மறைந்தார்.

முகாபேயின் நீண்ட ஆட்சியில் அந்நாட்டு மக்கள் பின்னாளில் பெருந்துயர் அடைந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று துப்பாக்கி ஓய்ந்து வாக்குச்சீட்டு பேசியது. கையிலிருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் அடக்கிக்கொள்வதற்கும் துணிவு வேண்டும். வகுப்புத் தலைவியாக இருந்தாலும், நாளை நாட்டையே ஆண்டாலும், அத்துணிவை நாம் பெறுவோமாக!