மலையகத்தின் தொண்டமான்

முத்துக்குளித்துறையாம் நம் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய ஏழைத் தமிழர் பலர் இலங்கை மலைக்காடுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கினர். அவர்களின் தலைவராய் விளங்கியவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1913-இல் இராமநாதபுரம் சீமையில் பிறந்து, சிறுவனாய்க் கடல் கடந்தவர் அவர். தோட்ட முதலாளியின் மகனாயினும் தொழிலாளர் பக்கமே நின்றார். 1947-இல் நுவரெலியாவில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார்.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும் போதாது. தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் அங்கே பிறந்திருக்க வேண்டுமாம்! கூலிக்காரனிடம் பிறப்புச் சான்று ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்களித்தோர் வாக்கிழந்தபின் தலைவருக்குத் தொகுதி ஏது? 1952-இல் அறப்போர் நடத்தினார். 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது.

தளராது உழைத்த அவரை 1977-இல் அதே நுவரெலியா மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1978-இல் இந்தியாவில் பிறந்த அவர் இலங்கையின் அமைச்சரானார். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் பலருக்குக் குடியுரிமை தந்தது. 1999-இல் மறைந்தார்; எஞ்சியோருக்கு 2003-இல் உரிமை கிட்டிற்று.

ஒரு சான்றிதழின் அருமையை, குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரி வாசல் மிதித்த நாம் அறிவோம். ஆயினும் மண்ணுக்கு உரியவன் யார் என்பதற்கு, அம்மண்ணில் சிந்திய வியர்வையும் சான்றன்றோ?